நீண்ட வார இறுதியில் பனிச்சறுக்கு: கூட்டம் குறைந்த மலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாங்கள் குடும்பத்தோடு முதன்முதலில் பனிச்சறுக்குக்குப் போனது ஒரு பிப்ரவரியில், அமெரிக்காவின் பிரெசிடென்ட்ஸ் டே விடுமுறையோடு சேர்ந்து வந்த மூன்று நாள் வார இறுதியில். எல்லாருக்கும் பெயர் தெரிந்த பெரிய ரிசார்ட்டாகப் பார்த்துத்தான் போனோம். பத்தேகாலுக்குப் பார்க்கிங்கில் நுழைந்தோம். கடைசி லாட்டில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வாடகைக்கு ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) எடுக்கும் வரிசையில் நின்று, எல்லாரும் பூட்ஸ் மாட்டி முடித்தபோது மணி பன்னிரண்டு. ஏழு வயது மகன் அதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியை அள்ளி விளையாடி, விரலெல்லாம் சில்லிட்டு அழ ஆரம்பித்திருந்தான். பயிற்சி வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுவதும் அவன் சறுக்கியது நாலே தடவை.

அடுத்த வருடம் அதே வார இறுதியில், மூன்றே லிஃப்ட் உள்ள ஒரு சின்ன மலைக்குப் போனோம். லிஃப்ட் என்றால் இங்கே ஓடும் கம்பியில் தொங்கும் நாற்காலிகள், சறுக்குகிறவர்களை மேலே ஏற்றிவிடுபவை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவன் மதியத்துக்குள் பதினாலு தடவை இறங்கிவிட்டான். அப்புறம் அவனே வந்து, "கால் வலிக்குதுப்பா, கொஞ்சம் உட்காரலாம்" என்றான். அதே நாட்டில், அதே விடுமுறையில்தான் இவ்வளவு வித்தியாசம்.

இதற்கு யாருக்கும் தெரியாத ரகசிய மலை எதுவும் தேவையில்லை. ஒரு மலையில் கூட்டம் சேர்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி, புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குத் தேவையே இல்லாதவை. செங்குத்தான சரிவு, ஆயிரம் மீட்டர் இறக்கம், புதுப்பனி குவிந்த பின்பக்கப் பள்ளத்தாக்கு இதற்கெல்லாம்தான் அனுபவசாலிகள் பல மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மெதுவான ஒரு சரிவு, நல்ல பயிற்சியாளர், வரிசை நீளாத ஒரு லிஃப்ட். இது சின்ன மலைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

மலையைத் தேடுவதற்கு முன், யாருக்கெல்லாம் அன்று லீவு என்று பாருங்கள். அலுவலக விடுமுறையைவிடப் பள்ளி விடுமுறைதான் மலையை நிரப்புகிறது. அமெரிக்காவில் மூன்று உச்சங்கள்: கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, ஜனவரி மூன்றாம் திங்களன்று வரும் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி மூன்றாம் திங்களன்று வரும் பிரெசிடென்ட்ஸ் டே. இதில் பிப்ரவரி விடுமுறை சில இடங்களில் வாரம் முழுக்க நீளும். மாசசூசெட்ஸில் அந்த வாரம் முழுக்கப் பள்ளி கிடையாது. அதனால் பாஸ்டனிலிருந்து போகிற தூரத்தில் உள்ள மலைகளில் திங்கட்கிழமையோடு கூட்டம் வடியாது, வாரம் முழுக்க நீடிக்கும்.

ஒரே நாளில் பல ஊர்களுக்கு விடுமுறை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நல்ல உதாரணம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2013-ல் ஃபேமிலி டே விடுமுறையைத் தொடங்கியபோது, அதைப் பிப்ரவரி இரண்டாம் திங்களில் வைத்தது. பக்கத்து ஆல்பெர்ட்டாவுக்கும் அமெரிக்காவுக்கும் மூன்றாம் திங்கள். அதனால் கூட்டம் இரண்டு வாரங்களுக்குப் பிரிந்து வந்தது. 2019-லிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவும் மூன்றாம் திங்களுக்கு மாறிவிட்டது. இப்போது மூன்று பக்கத்துக்கும் ஒரே வார இறுதி. அங்கே இருப்பவர்களுக்கு என் யோசனை, அந்த மூன்று நாளையும் விட்டுவிட்டு அதற்கு முந்தைய வார இறுதியில் போங்கள்.

ஃபிரான்ஸில் பள்ளிகளை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை, வெவ்வேறு தேதிகளில். பாரிஸ் சி மண்டலத்தில் வருகிறது. பாரிஸின் விடுமுறை வேறொரு மண்டலத்தின் விடுமுறையோடு ஒன்றாக வரும் வாரத்தைக் கட்டாயம் தவிர்க்கலாம். ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் ஜெர்மனியின் பவேரியாவில் ஃபாஷிங் எனும் கார்னிவல் விடுமுறை எப்போது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஈஸ்டரைப் பொறுத்து வருடாவருடம் தேதி மாறும். ஜப்பானில் புத்தாண்டு, ஜனவரி இரண்டாம் திங்கள், பிப்ரவரி 11, பிப்ரவரி 23. இவற்றோடு சீனப் புத்தாண்டும் சேர்ந்தால் நிசேகோ மாதிரி வெளிநாட்டவர் அதிகம் வரும் இடங்கள் நிரம்பிவிடும்.

ஐரோப்பாவைப் பற்றி இன்னொன்று. ஆல்ப்ஸின் பெரிய ரிசார்ட்டுகளில் தங்கும் வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாரக் கணக்கில்தான் வாடகைக்கு விடுகிறார்கள். அதனால் சனிக்கிழமை பழையவர்கள் கிளம்ப, புதியவர்கள் வந்து சேர, சாலை முழுக்கக் கார்கள். ஃபிரான்ஸில் ஆல்பெர்வில்லிலிருந்து மூட்டியே வழியாக மேலே ஏறும் சாலையில் அன்று நத்தை வேகம்தான். ஆனால் அதே சனிக்கிழமை சரிவுகள் ஆளில்லாமல் கிடக்கும். வெள்ளிக்கிழமை இரவே மேலே போய்த் தங்கிவிட்டால் அந்த வாரத்தின் சிறந்த நாள் உங்களுக்குத்தான்.

மற்றவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்?

அடுத்தது, பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மலையையும் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது. மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வரும்: பாஸ், தூரம், பெயர்.

பாஸ், அதாவது சீசனுக்கு முன்பே வாங்கிவைக்கும் சீசன் டிக்கெட்தான், இன்று வட அமெரிக்காவில் கூட்டத்தைத் தீர்மானிக்கிறது. 2008-ல் எபிக் பாஸ் வந்தது, 2018-ல் ஐகான் பாஸ். ஒரே பாஸில் பல மலைகள். சீசன் தொடங்கும் முன்பே பணம் கட்டிவிட்டதால், ஒரு நாள் கூடுதலாகப் போவதற்குத் தனியாகச் செலவில்லை. ஆகவே நல்ல வார இறுதி என்றால் எல்லாரும் அந்தப் பாஸ் செல்லும் மலைக்கே போகிறார்கள். கொலராடோவின் அரபஹோ பேசின் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பார்க்கிங் போதவில்லை, கூட்டம் தாங்கவில்லை என்று சொல்லி 2019-ல் எபிக் பாஸிலிருந்து விலகியது. ஒரு மலையே வேண்டாமென்று சொல்லும் அளவுக்கு ஒரு பாஸ் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே இந்த இரண்டு பாஸ்களிலும் இல்லாத மலைகளிலிருந்து தேட ஆரம்பியுங்கள். பெரிய கம்பெனிகளின் கையில் இல்லாத சின்ன மலைகளுக்காக 2019-ல் தொடங்கிய இண்டி பாஸில் இருப்பவற்றையும் பாருங்கள். அந்தப் பாஸ் ஒவ்வொரு மலைக்கும் குறைந்த நாட்களே தருவதால் கூட்டம் ஓரிடத்தில் குவிவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே பாஸ் இருந்தால் அதில் செல்லாத தேதிகளைச் சரிபாருங்கள். விலை குறைந்த பாஸ்களில் பெரும்பாலும் இந்த விடுமுறை நாட்கள்தான் விலக்கப்பட்டிருக்கும். அங்கே போய் நின்ற பிறகு தெரியவந்தால் மிகவும் கஷ்டம்.

தூரத்தை மைல் கணக்கில் பார்க்கவேண்டாம், சாலையில் பாருங்கள். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தைத் தாண்டித்தான் கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர், வேல் எல்லாவற்றுக்கும் போகிறது. ஒரு பெருநகரமே அந்த ஒரு சாலையில் ஏறுகிறது. சாலிடா ஊருக்கு மேலே இருக்கும் மொனார்க், பகோசா ஸ்பிரிங்ஸ் பக்கம் இருக்கும் வுல்ஃப் க்ரீக் ஆகியவற்றுக்கு அந்தச் சாலையில் போகவேண்டியதில்லை. ஓட்டும் நேரம் கூடும், உண்மைதான். ஆனால் டென்வர்க்காரர் ஒரே நாளில் போய்த் திரும்ப யோசிக்கும் தூரம் என்பதாலேயே அங்கே நெரிசல் குறைகிறது. என் அனுபவத்தில் பெருநகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் மலை நிரம்பும். மூன்றரை மணி தாண்டினால் ஒரு நாள் பயணக்காரர்கள் கழன்றுகொள்வார்கள். ஒரு இரவு தங்கத் தயாராக இருந்தால் அந்தத் தூரம் உங்களுக்குச் சாதகம்.

சாலை எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். யூட்டாவின் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஸ்னோபேர்டும் ஆல்டாவும் இருக்கின்றன. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இருப்பது ஒரே சாலை. பனிச்சரிவு அபாயம் வந்தால் அதை மூடிவிடுவார்கள். திறக்கும்வரை கீழே கார்கள் சிவப்பு விளக்கோடு வரிசையாக நிற்கும். உலகத்தரமான பனிதான், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் தடவை ஸ்கீ மாட்டும் குழந்தையோடு, விடுமுறை நாளில், அந்த வரிசையில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

பெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிம்பிக் நடந்த இடம், சினிமாக்காரர்கள் வரும் இடம் என்றால் கூட்டம் இருக்கும்.

லிஃப்ட்டைக் கணக்கிடப் பழகுங்கள்

இதைத்தான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ஒரு மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, உங்கள் லிஃப்ட் மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதுதான் நீங்கள் நிற்கப்போகும் நேரத்தை முடிவு செய்கிறது.

கணக்கு எளிது. ஒரு நாற்காலியில் எத்தனை இருக்கை, எத்தனை விநாடிக்கு ஒரு நாற்காலி வருகிறது, இந்த இரண்டு எண் போதும். நான்கு இருக்கை, ஆறு விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்குப் பத்து நாற்காலி, நாற்பது பேர். மணிக்கு 2,400 பேர். இரண்டு இருக்கை என்றால் மணிக்கு 1,200. அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். முன்னால் சுமார் நூறு பேர் இருந்து, இரட்டை நாற்காலி லிஃப்ட் என்றால் ஐந்து நிமிடம். முந்நூறு பேர் என்றால் பதினைந்து நிமிடம். இது எல்லா இருக்கையும் நிரம்பிப் போனால்தான். பாதி நாற்காலி காலியாகப் போனால் நேரம் இரட்டிப்பாகும். நல்ல மலைகளில் வரிசை முனையில் ஒருவர் நின்றுகொண்டு, தனியாக வந்தவர்களை மற்றவர்களோடு சேர்த்து அனுப்புவதைப் பார்க்கலாம். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே அந்த மலை எப்படி நடத்தப்படுகிறது என்று சொல்லிவிடும்.

இப்போது பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். வேகமான லிஃப்ட் என்றால் வரிசை சின்னதாக இருக்கும் என்று நினைப்போம். பழைய மாதிரி லிஃப்ட்டில் நாற்காலி கம்பியோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்கும். விநாடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் வேகம். புதிய வகையில், நிலையத்துக்குள் வரும்போது நாற்காலி கம்பியிலிருந்து கழன்று மெதுவாகி, ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். வேகம் ஐந்து மீட்டர். ஆனால் இரண்டிலும் ஆறு விநாடிக்கு ஒரு நாற்காலிதான் வருகிறது என்றால், மணிக்கு ஏற்றும் ஆட்கள் ஒன்றுதான். நீளம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பழையது மேலே போக எட்டு நிமிடம், புதியது நான்கு. இரண்டும் நான்கு இருக்கை நாற்காலி என்றால், எந்த நேரத்திலும் பழையதில் 320 பேர் ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பார்கள், புதியதில் 160 பேர்தான். மீதி 160 பேர் எங்கே? ஒன்று வரிசையில், இல்லையென்றால் சரிவில். அதனால்தான் பழைய லிஃப்ட் உள்ள மலைகளில் சரிவு காலியாகத் தெரிகிறது. ஏறுகிற எட்டு நிமிடம் புதியவருக்கு வீணும் இல்லை. தொடைக்கு ஓய்வு. மேலிருந்து பார்த்தால் கீழே நன்றாகச் சறுக்குகிறவர்கள் எங்கே திரும்புகிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்று கண்ணால் படித்துக்கொள்ளலாம்.

பழைய லிஃப்ட்டில் ஒரு சிரமம் உண்டு. நாற்காலி நிலையத்தில் மெதுவாகாது, பின்னாலிருந்து வந்து காலில் இடிக்கும். முதல் தடவை என்றால் லிஃப்ட் ஊழியரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள். வேகத்தைக் குறைத்துத் தருவார்கள். கூச்சப்பட வேண்டாம். அவர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள்.

கற்றுக்கொள்பவர்களுக்கான லிஃப்ட்டில் வரிசை நீளுவதற்கு இன்னொரு காரணம், அது அடிக்கடி நிற்பது. ஏறும்போது ஒருவர் விழுந்தால் நிறுத்துவார்கள். மேலே இறங்கும்போது விழுந்தால் மறுபடி நிறுத்துவார்கள். விடுமுறை நாளில் புதியவர்கள் அதிகம், ஆகவே நிற்பதும் அதிகம். இதனால்தான் கற்கும் பகுதிக்கு ஒரே ஒரு நாற்காலி லிஃப்ட்டை மட்டும் வைத்திருக்கும் மலையை நான் தவிர்ப்பேன். மேஜிக் கார்பெட் என்று ஒன்று இருக்கும். நகரும் பட்டை, அதன்மேல் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். இரண்டு கார்பெட்டும், அதைவிட்டுத் தள்ளி ஒரு மெதுவான நாற்காலியும் இருந்தால், அந்த மலை புதியவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது.

வரைபடத்தை இப்படிப் படியுங்கள்

எல்லா மலைகளும் தங்கள் சறுக்குப் பாதைகளின் வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதைப் பெரிதாக்கி, விரலை வைத்து உங்கள் நாளை நடத்திப் பாருங்கள். பார்க்கிங்கிலிருந்து எங்கே நடக்க வேண்டும்? அங்கிருந்து மேலே போக ஒரே ஒரு லிஃப்ட்தானா? அப்படியென்றால் காலை ஒன்பதரைக்கு மலைக்கு வந்த அத்தனை பேரும் அதன் வாயில்தான் நிற்பார்கள். இரண்டு மூன்று அடிவாரங்கள் உள்ள மலையில் பெரிய கட்டடம் இல்லாத ஓரத்து அடிவாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பச்சை வட்டப் பாதைகள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஐரோப்பாவில் பல இடங்களில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் மட்டும்தான் ஒப்பிடத்தக்கவை. ஒரு மலையின் பச்சை இன்னொரு மலையின் நீலமாக இருக்கலாம்.

மேலே இருக்கும் கடினமான பாதைகள் எல்லாம் கீழே வந்து உங்கள் பச்சைப் பாதையில் கலக்கின்றனவா? அப்படி இருந்தால் வேகமாக இறங்கும் ஆட்கள் நாள் முழுக்க உங்கள் பின்னாலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போகவேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஆனாலும் புதியவருக்கு அந்த 'ஷூ' என்ற சத்தம் காதருகே கேட்டாலே கால் நடுங்கிவிடும். பயந்து உடம்பைப் பின்னால் சாய்ப்போம். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காது. ஆகவே கற்கும் பகுதி தனியாக ஒதுங்கி இருப்பது வசதிக்காக மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான். கொலராடோவின் காப்பர் மலை இந்த விஷயத்தில் இயற்கையாகவே அமைந்துவிட்டது. மேற்கே எளிய சரிவுகள், கிழக்கே போகப்போகக் கடினம். கூட்டமான நாளிலும் அங்கே புதியவர்கள் ஒரு பக்கமாக இருக்க முடிகிறது. பெரிய மலைக்குத்தான் போயாக வேண்டும் என்றால் இப்படிப்பட்ட அமைப்பைத் தேடுங்கள்.

வரைபடத்தில் இருப்பதெல்லாம் திறந்திருக்காது

கிறிஸ்துமஸ் வாரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தில் அறுபது பாதைகள் இருக்கும், பனி போதாமல் பதினைந்துதான் திறந்திருக்கும். வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பதினைந்தில் நெருக்கியடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு மலையின் பனி அறிக்கையிலும் இன்று எத்தனை லிஃப்ட், எத்தனை பாதை திறந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எவ்வளவு பனி விழுந்தது என்பது அதற்கு அப்புறம்.

இதனால் மலையைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பர் கடைசியில் உயரமான மலை, அல்லது செயற்கைப் பனி இயந்திரங்கள் நிறைய உள்ள மலை. தாழ்வான சின்ன மலைகளை நான் பிப்ரவரிக்குத்தான் வைத்துக்கொள்வேன். அப்போது அவை முழுமையாகத் திறந்திருக்கும், பெரிய மலைகள்தான் பிதுங்கிக்கொண்டிருக்கும்.

காற்றையும் பாருங்கள். பலத்த காற்று வீசினால் உயரத்து லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள். மேலே சறுக்க வந்தவர்கள் எல்லாரும் கீழே, உங்கள் சரிவுக்கு வந்துவிடுவார்கள். காற்று அறிவிப்பு இருக்கும் நாளில் மரங்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கும் மலை நல்லது.

வெப்கேம் இருக்கும் மலை என்றால் இன்னொரு வேலை செய்யலாம். உங்கள் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த மலையின் அடிவாரக் காமிராவைத் திறந்து பாருங்கள். அதுதான் வரிசை நீளமாக இருக்கும் நேரம். சாதாரணச் சனிக்கிழமையிலேயே லிஃப்ட் வாயிலிலிருந்து கட்டடம் வரை ஆட்கள் நின்றால், விடுமுறையில் அங்கே போகாதீர்கள். நான் மூன்று மலைகளை இப்படிப் பார்த்து இரண்டை அடித்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

ஆட்களுக்கு வரம்பு வைத்திருக்கும் மலைகள்

சில மலைகள் ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்தான் என்று நிறுத்திவிடுகின்றன. யூட்டாவின் டியர் வேலி இதற்குப் பெயர்போனது. அதே மாநிலத்தின் பவுடர் மவுண்டனும் நாள் டிக்கெட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பார்க்கிங்குக்கு முன்பதிவு கேட்கும் மலைகளும் உண்டு. ஆல்டாவில் சில வருடங்களாக இந்த வழக்கம் இருக்கிறது. முன்பதிவு என்றதும் எரிச்சல் வரும். ஆனால் முன்பதிவு கேட்கும் மலையில் உங்களுக்கு இடம் உறுதி, கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எதுவும் கேட்காத மலையில் இரண்டுமே இல்லை. தேதி முடிவானதும் டிக்கெட், பார்க்கிங், பயிற்சி வகுப்பு மூன்றையும் ஒரே உட்காரலில் பதிவு செய்துவிடுங்கள். தேதி குறித்த டிக்கெட்டைத் திருப்பித் தர முடியுமா, தேதி மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு வகுப்பு, வாடகை ஸ்கீ, கற்கும் பகுதிக்கான லிஃப்ட் டிக்கெட் மூன்றும் சேர்ந்த ஒரு திட்டம் பெரும்பாலான மலைகளில் உண்டு. முழு மலைக்கும் டிக்கெட் வாங்கத் தேவையில்லை. பல இடங்களில் வகுப்போடு வருகிறவர்களுக்கு லிஃப்ட்டில் தனி வழியும் உண்டு. விடுமுறை நாளில் அந்த ஒன்றே வகுப்புக் கட்டணத்துக்கு ஈடு.

முந்தின நாளும் அந்த நாளும்

எங்கள் முதல் பயணத்தைக் கெடுத்தது லிஃப்ட் வரிசை இல்லை, வாடகை வரிசை. ஸ்கீயும் பூட்ஸும் மலையில் எடுக்காமல், வழியில் இருக்கும் ஊர்க் கடையில் முந்தின நாள் மாலையே எடுத்துவிடுங்கள். கடைக்காரர் உயரம், எடை, வயது, எவ்வளவு அனுபவம் என்று கேட்பார். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து எப்போது கழலவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். எடையைக் கூச்சமில்லாமல் சரியாகச் சொல்லுங்கள், காலைக் காப்பாற்ற உதவுவது அந்த எண்தான். பூட்ஸைப் போட்டு நேராக நில்லுங்கள். கால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்கவேண்டும், குதிகால் தூக்கக்கூடாது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். கடையில் பத்து நிமிடம் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். விடுமுறைக் காலையில் மலையில் அது கிடைக்காது.

காலையில் லிஃப்ட் திறப்பதற்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் பார்க்கிங்கில் இருங்கள். திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் இறங்கும் தடவைகள், பத்திலிருந்து பன்னிரண்டு வரை இறங்குவதைவிட அதிகமாக இருக்கும். சாப்பாட்டைப் பதினொன்றுக்கு முடித்துவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை எல்லாரும் உள்ளே தட்டோடு இடம் தேடும்போது லிஃப்ட்டில் வரிசை குறையும், அப்போது வெளியே இருங்கள். மூன்றேகாலுக்கு நிறுத்திவிடுங்கள். லிஃப்ட் மூடும் நேரத்தில் களைத்துப்போன கால்களோடு எல்லாரும் ஒரே பாதையில் இறங்குவார்கள். புதியவர்கள் அந்த நேரத்தில் அங்கே இருக்கக்கூடாது.

மூன்று நாள் விடுமுறை என்றால் நடுநாள்தான் நெருக்கடி. கடைசி நாள் மதியத்துக்கு மேல் மக்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள்தான் போகப் போகிறீர்கள் என்றால் கடைசி நாளைப் பிடியுங்கள். திரும்பும் சாலை நிரம்பியிருக்கும், அதனால் அன்றிரவும் தங்க முடிந்தால் நிம்மதி. இரவு விளக்குப் போட்டுத் திறந்திருக்கும் மலைகள் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே குடும்பங்கள் குறைந்துவிடும். ஆனால் பனி இறுகி ஐஸ் ஆகியிருக்கும், முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். இரண்டாம் நாள் முயற்சிக்கலாம்.

புறப்படும் முன் மாற்று மலை ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வேறு சாலையில் இருப்பதாக. பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலிக்கு அந்தச் சாலையில் விதிகள் என்ன என்று பாருங்கள். மின்சாரக் கார் என்றால் குளிரில் ஓடும் தூரம் குறையும், முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள்.

கடைசியாக, முந்தின நாள் மாலை அந்த மலைக்கு ஒரு போன் போடுங்கள். சின்ன மலைகளில் மனிதர்களே எடுப்பார்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: நாளை கற்கும் பகுதியில் எத்தனை லிஃப்ட் ஓடும், பார்க்கிங் எத்தனை மணிக்கு நிரம்பும்? இரண்டாவது வருடம் நாங்கள் கேட்டபோது அந்த முனையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிரம்பி நான் பார்த்ததில்லை, ஆனால் எட்டரைக்கு வந்தால் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், குழந்தைக்கு நடக்கவேண்டியிருக்காது" என்றார். எட்டு இருபதுக்குப் போய் நிறுத்தினோம்.